வாங்கிக்கொள்ளாத குழி

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்த வருடங்களில் நான் ஓர் உப்பளத்தில் வேலை பார்த்தேன். பௌதிகத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். பாத்தி பாத்தியாகப் போய், அடியில் ஈயக்குண்டு அடைத்த கண்ணாடிக் குழலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அடர்த்தியைக் குறித்துவர வேண்டும். உப்பு ஏற ஏறக் குழல் உயர்ந்து நிற்கும்.

உப்பு வாரியபின் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை அளத்தின் கோடியில் ஒரு குழியில் விட்டுவைத்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். எண்ணெய்போலக் கிடக்கும், காற்றடித்தாலும் அசையாது. ஒருமுறை வெள்ளாடு ஒன்று விழுந்து செத்து, பாதி உடல் வெளியே தெரிய நாள்கணக்கில் மிதந்தது. நாற்றமே இல்லை. காக்கைகூட அதைத் தொடவில்லை.

ஒரு நண்பகலில் கரை சரிந்து நானே அதில் விழுந்தேன். எனக்கு நீச்சல் தெரியும். ஆனால் காலைக் கீழே இறக்க முடியவில்லை. இறக்க இறக்க மேலே தள்ளியது. மல்லாந்துவிட்டேன். முதுகுக்கடியில் யாரோ உள்ளங்கையை விரித்துத் தாங்குவதுபோல இருந்தது. கண் எரிந்தது. சுற்றிலும் வெள்ளை வெயில், ஒரு சத்தமில்லை. 

உப்பு வாரும் பெண் ஒருத்தி பார்த்துவிட்டு, தன் நீளக் காம்புப் பலகையை நீட்டி என்னைக் கரைக்கு இழுத்தாள். முப்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவள். குடிக்க வைத்திருந்த தண்ணீரை என் முகத்தில் ஊற்றினாள்.

"கீழ இருந்து யாரோ தாங்கிப் பிடிச்ச மாதிரி இருந்துச்சா சார்?"

"யாரும் பிடிக்கல. இந்தத் தண்ணி கனம். ஒரு செம்பு நல்ல தண்ணியையும் ஒரு செம்பு இந்தத் தண்ணியையும் நிறுத்துப் பார்த்தா, இதுதான் எடை கூட நிக்கும். அதே அளவு நம்ம உடம்பு இதைவிட லேசு. அதான் உள்ள போக விடல."

அவள் குழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எம்பிள்ள செத்த மாசம் நானா இறங்குனேன் சார். என்னய அது வாங்கிக்கிடல. சேலையப் பிழிஞ்சிட்டு வேலைக்குப் போயிட்டேன்."

பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்திக்குத் திரும்பினாள்.

ஐப்பசியில் மேகம் கட்டியது. உப்பைக் குவித்து ஓலை மூடிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் வந்தாள்.

"மழ பெஞ்சா குழித்தண்ணி இளகிருமா சார்?"

"மழத்தண்ணி லேசு. முதல்ல மேலேயே நிக்கும். பெய்யப் பெய்யக் கலந்து குழித்தண்ணியும் லேசாகி, ஆள..."

பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் மெதுவாகத் தலையாட்டினாள். நான் சொன்னது அவளுக்கு முழுக்க விளங்கியிருந்தது.

நேரே அளத்துக் கணக்கப்பிள்ளையிடம் போய், கரை சரிகிறது, இன்னும் ஆள் விழும் என்று மன்றாடினேன். என்னைத் தூக்கியெடுத்த கதை அவருக்கும் தெரியும். இஞ்சின் வைத்து இறைத்து, இரண்டு நாளில் குழியை மண் தள்ளி மூடச் செய்தார்.

மண் சுமந்தவர்களில் அவளும் இருந்தாள். கடைசி நாள் கூடையைக் கொட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பயந்துட்டியளா சார்?"

"ஆமா."

"நானுந்தான்," என்றாள். பிறகு அடுத்த கூடைக்குப் போனாள்.