கோஷா நாள் ராட்டினம்

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வெளியூர் போய், ரயில் பெட்டி மாதிரி ஏதோ ஒன்றில் தலைகீழாகச் சுற்றிவிட்டு வந்து, "உசுரே போயிருச்சு" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். உசுர் போனால் அழத்தானே வேண்டும், சிரிப்பு எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். காசு கொடுத்துப் பயத்தை வாங்கி வருகிற கூட்டம் என்று அவருக்கு ஒரே கேலி. நான் அந்தக் கேலியில் சேருவதில்லை. யுத்த காலத்தில் மதுரையில், ஆற்றுக்கு வடகரையில் போட்டிருந்த பொருட்காட்சியில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை அது.

என் அண்ணன் ரங்கூனில் ஒரு துணிக்கடையில் இருந்தார். ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டு, ஒரு வருஷம்கூட முழுதாகத் தங்காமல் மறுபடி கப்பல் ஏறினார். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு கடுதாசியும் இல்லை, ஆளும் இல்லை. பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்து சேர்ந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அம்மா அவர்களிடம் ஆள் விட்டுக் கேட்டாள். ஒருவர், பார்த்தேன், கிளம்பிக்கொண்டிருந்தார் என்றார். இன்னொருவர், அந்தக் கடைத்தெருவே எரிந்துபோயிற்று என்றார். அம்மா முதல் ஆள் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் மனைவியை நான் மச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. என்னை அடுத்த தெருவிலேயே கட்டிக்கொடுத்திருந்ததால் பாதி நாள் பிறந்த வீட்டில்தான் கிடப்பேன். மச்சியைப் பெற்ற அத்தா பேரையூர்க்காரர். மாசத்துக்கு ஒரு தடவை வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார். இந்தக் கல்யாணத்தை ஜமாஅத்தில் வைத்து முறித்துத் தரவேண்டும், வயசுப் பெண்ணுக்கு இன்னொரு வாழ்க்கை பார்க்க வேண்டும் என்பார். ஜமாஅத்துப் பெரியவர்களும் மறுக்கவில்லை. பிள்ளையைப் பெற்றவள் தன் வாயால் "சேதி இல்லை, இனி நம்பிக்கையும் இல்லை" என்று சொல்லட்டும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். என் அத்தா முன்பே மவுத்தாகி அடக்கமும் ஆகிவிட்டதால் அந்தச் சொல் அம்மா வாயிலிருந்துதான் வரவேண்டும். அம்மா அசையவில்லை.

"எம்புள்ள வருவான். வந்து, எம்பொண்டாட்டி எங்கம்மான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்பாள்.

அந்த வீட்டில் அழக்கூடாது. அம்மா போட்ட சட்டம் அது. மச்சி கண் கலங்கினாலே அம்மாவுக்கு வெறி வந்துவிடும். "உசுரோட இருக்கவனுக்கு யாராச்சும் அழுவாகளா? அழுது அழுது நீயே அவனுக்கு மவுத்தக் கூப்பிட்டுராத" என்று கத்துவாள். கல்யாணத்தில் கட்டின கருகமணி கழுத்தில் இருக்க வேண்டும், கை நிறைய வளையல் இருக்க வேண்டும், முகத்தைத் தொங்கப்போடக் கூடாது. மச்சியும் அப்படியே இருந்தாள். எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வரும். கட்டிப்போட்ட மாட்டைக்கூட இப்படி வைத்திருக்க மாட்டார்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

பொருட்காட்சியில் வாரத்துக்கு ஒரு நாள் கோஷா நாள். அன்று சாயங்காலம் பெண்கள் மட்டும்தான் உள்ளே போகலாம். தெருப் பெண்கள் எல்லோரும் குதிரை வண்டியில் படுதா கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மச்சியையும் கூட்டிப்போகலாம் என்று நான்தான் நச்சரித்தேன். காவலுக்கு வருகிற மாதிரி அம்மாவும் வந்தாள்.

அந்தக் காலத்து ராட்டினத்துக்கு மோட்டார் கிடையாது. மரச் சக்கரம், அதில் தொட்டில் மாதிரிப் பெட்டிகள், பெட்டிக்கு இரண்டு பேர். மச்சுவீட்டுக்கு மேலேயே போகும். மற்ற நாளில் ஆட்கள் பக்கத்தில் நின்று தள்ளுவார்களாம். கோஷா நாளில் ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்பதால் சக்கரத்தின் அச்சை நீட்டி, படுதாவுக்கு அந்தப் பக்கம் கைப்பிடி வைத்திருந்தார்கள். ஆட்கள் அங்கே நின்று சுற்றுவார்கள். மேலே பார்க்கக்கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு. யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பது அல்லாவுக்குத்தான் தெரியும். ராட்டினக்காரரின் மனைவி உள்ளே நின்று விசில் ஊதுவாள். அவள் விசில்தான் கணக்கு. மேலே இருப்பவர்கள் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அலறுவதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

"நிறுத்துன்னு கத்துறவுகதான் எறங்குன கையோட மறுபடி ஏறுவாக" என்றாள். அது உண்மைதான்.

மச்சியும் நானும் ஒரே பெட்டியில் உட்கார்ந்தோம். மேலே போனதும் துப்பட்டி காற்றில் விலகிக்கொண்டது. கோபுரங்கள் தெரிந்தன. ஆற்று மணலில் துணி காயப்போட்டிருந்தது தெரிந்தது. மேற்கே நாகமலை படுத்துக் கிடந்தது. பிறந்ததிலிருந்து மதுரையில் இருக்கிறேன், மதுரையை அன்றுதான் பார்த்தேன். அதற்குள் பெட்டி கீழே விழ ஆரம்பித்தது. அடிவயிறு நெஞ்சுக்கு வந்துவிட்டது. நான் அலறின அலறலில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மச்சியும் அலறினாள். இரண்டாவது சுற்றில்தான் அது வேறு மாதிரி இருக்கிறதே என்று பட்டது. எல்லோரும் இறங்கும்போது கத்துவார்கள். அவள் ஏறும்போதும் கத்தினாள். திரும்பிப் பார்த்தால் கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வாய் நிறைய அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்களில் புருஷன் பேரைப் பெண்சாதி சொல்லவே மாட்டாள். சுற்றிலும் அத்தனை பெண்கள் கூச்சல் போட்டதில் அது யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது.

கீழே இறங்கினதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ போவமா?" என்றாள். போனோம். அதற்கப்புறமும் போனோம். விசில்காரிக்கு அவளைப் பார்த்து ஒரே சந்தோஷம். "இந்தப் புள்ள மாதிரி யாரும் ஆசையா ஏறல" என்று இரண்டு சுற்று கூடவே விட்டாள்.

வண்டியில் வரும்வரை அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வீட்டு வாசற்படி ஏறினதும் பிடித்துக்கொண்டாள்.

"ஒன் சிரிப்பாணி ஊருக்கே கேட்டுச்சே. புருசன் சேதி தெரியாமக் கெடக்கான், ஒனக்கு இம்புட்டுக் கும்மாளமா?"

நான் சொல்ல வாயெடுத்தேன். மச்சி என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள். "சிரிச்சேன்னே இருக்கட்டும் புள்ள. அழுதேன்னு தெரிஞ்சா மாமி தாங்க மாட்டாக" என்றாள். வெட்கங்கெட்டவள் என்ற பேரை அவள் தானே எடுத்துக்கொண்டாள். எனக்கு அம்மா மேல் இருந்த கோபம் இன்னும் ஒரு படி ஏறிற்று.

அந்த வாரம் முழுக்க நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் பயந்தேன், அவளும் பயந்தாள். என் பயம் விசில் ஊதினதும் தீர்ந்துபோயிற்று. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் எல்லோரும் ஏறுகிறார்கள் போல. மச்சியின் பயத்துக்கு வீட்டில் விசில் ஊத யாரும் இல்லை. ராட்டினத்தில் இருக்கிற நேரம் மட்டும்தான் அதற்கு ஒரு ஆரம்பமும் முடிவும் இருந்தது. இதை அன்று யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த கோஷா நாள் வந்தது. மச்சி போகலாமா என்று கேட்கவில்லை. அம்மாவே துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். "கெளம்பு. அப்பிடி என்னதான் இருக்கு அதுலன்னு நானும் பாக்குறேன்" என்றாள். கோபத்தில்தான் சொன்னாள். மச்சி பக்கத்தில் என்னை உட்கார விடாமல் தானே ஏறி உட்கார்ந்தாள். நான் கீழே விசில்காரி பக்கத்தில் நின்றேன்.

முதல் சுற்றில் அம்மா வாயை இறுக்கி மூடியிருந்தாள். இரண்டாவது சுற்றில் உச்சிக்குப் போய்ப் பெட்டி கீழே சாய்ந்தபோது அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அத்தா மையத்தாகக் கிடந்த அன்றுகூட அம்மா அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. "என் ராசா" என்று கூப்பிட்டாள். அப்புறம் நிறுத்தவே இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் மாரில் அடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"நிறுத்துங்க, எங்கம்மா அழுகுறாக!" என்று விசில்காரியின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் சிரித்தாள். "எல்லா அம்மாவும் மொதத் தடவ இப்பிடித்தான்" என்றாள். படுதாவுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

மச்சி அன்று ஒரு சத்தமும் போடவில்லை. பெட்டி ஒவ்வொரு தடவை கீழே வரும்போதும் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராட்டினத்தில் பயப்படுகிறவள் முகம் இல்லை அது. வீடு தீப்பிடித்ததைப் பார்க்கிறவள் முகம்.

ஒருவழியாக நின்றது. அம்மா தானாகவே இறங்கி, துப்பட்டியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வண்டிக்கு நடந்தாள்.

அடுத்த முறை மச்சியின் அத்தா வந்தபோது ஜமாஅத்துப் பெரியவர்களையும் அம்மாவே வரச்சொன்னாள். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சேதி இல்ல. நம்பிக்கையும் இல்ல" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. எனக்கு ஒரு பக்கம் நிம்மதிதான். இனிமேலாவது மச்சி வாய்விட்டு அழலாம், நல்லபடியாக ஒரு வாழ்க்கை அமையும் என்று அவளிடம் ஓடினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கருகமணியைப் பிடித்தபடி சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் சிரித்த முகமாக வளைய வந்தவள் அன்றிலிருந்து அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் கோபம் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பேரையூர் வண்டி வாசலில் நின்றது. பெட்டியை ஏற்றினார்கள். மச்சி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்புறம் வண்டிப் பக்கம் போனவள் திரும்பி வந்து, நிலைப்படியில் நின்ற அம்மாவுக்கு முன்னால் நின்றாள்.

"மாமி, நான் மேல கத்துனப்ப நீங்க கீழ நின்னீக. அவுக வருவாகன்னு நின்னீக. அந்தத் தைரியத்துலதான் நான் கத்துனேன். நீங்க கீழயே நின்னுருக்கணும் மாமி."

அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள்.

"எம்புட்டு நாளைக்குத்தாம்மா நிக்க?" என்றாள்.