அட்டையில் ஒரு வெள்ளி வட்டம்

தட்டையாக எது கைக்கு வந்தாலும் ஹேமலதா அதை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, அப்பளம், எதுவானாலும் சரி. நேராகப் பார்த்தால் தெரியாத பள்ளமும் சுருக்கமும் சாய்த்தால் நிழலாக எழும்பிவிடும். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தோல் தரம் பிரிக்கும் மேஜைக்கு வந்த வயதில் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. பத்திரிகை வைக்க வந்தவர்கள், என்ன பிழை கண்டுபிடித்தாளோ என்று கலங்கிப் போவார்கள்.

அந்த மேஜையில் தோலில் குறை தெரிந்தால் வெள்ளி மைப் பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள். வெட்டுகிறவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டுவார்கள். தோலில் அந்த மை துணியால் துடைத்தால் போய்விடும். ஹேமலதாவின் பேனா எப்போதும் அவள் கொண்டையில் செருகியிருக்கும். வீட்டில் குழம்பு கூட்டும்போதும் அங்கேதான்.

காமிக்ஸ் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டது அடுத்த மேஜை சுகரா பேகம். சுகராவின் அண்ணன் ஷபீ அஹமது பஜாரில் பெல்ட் கடை வைத்திருப்பவர். பழைய காமிக்ஸ் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அமெரிக்காவில் ஒரு கம்பெனி புத்தகத்தைப் பத்துக்கு இத்தனை என்று தரம் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் மூடி அனுப்புகிறதாம். அட்டை மடங்கியிருந்தால் மதிப்பெண் போச்சு. அதனால் முன்கூட்டியே பக்குவமாக அழுத்தி நிமிர்த்துகிறவர்கள் இருக்கிறார்களாம். இதை அவர் சொல்லி முடிப்பதற்குள், ஹேமா கையில் கொடுங்கள் என்று சுகரா வாக்குக் கொடுத்துவிட்டாள். ஹேமலதாவுக்கு மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஆனாலும் கை ஆசைப்பட்டது. போனில் வீடியோ பார்த்தாள். பழைய பேப்பர் கடையில் கந்தல் புத்தகங்களை அள்ளிவந்து கெடுத்துப் பழகினாள். பனியனில் படம் ஒட்டும் பழைய சூட்டுப் பிரஸ் ஒன்றை அவள் கணவர் நவநீதன் குடியாத்தத்திலிருந்து பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். புத்தகத்தை ஈரக்காற்றில் கொஞ்சம் இளக விட்டு, வழவழத்தாளுக்கும் அட்டைக்கும் நடுவே வைத்து, இளஞ்சூட்டில் அழுத்தி, அழுத்தியபடியே ஆறவிடவேண்டும். நிறம் உடைந்து வெள்ளை தெரிகிற மடிப்பு போகாது. வெறும் பள்ளம் போய்விடும். தோலிலும் சுருக்கம் போகும், தழும்பு போகாது. அந்தக் கணக்கு அவளுக்குப் புதிதில்லை.

சில புத்தகங்கள் நன்றாக வந்ததும் ஷபீ அஹமது தன் உயிரையே எடுத்துக் கொடுத்தார். சிறு வயதில் வாங்கிய குதிரைவீரன் கதை. நீல வானத்தில் குதிரைக்கு மேலே ஒரு பள்ளம். சென்னை நண்பர் ஒருவர் அமெரிக்காவுக்கு அனுப்பும் பார்சலில் இதுவும் போகவேண்டும். வாக்குக் கொடுத்தது சுகரா. கெட்டுப்போனால் தோழியின் தலையும் சேர்ந்து குனியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னலோரம் அட்டையைச் சாய்த்தாள். பள்ளம் நிழலாக எழும்பியது. மறு நொடி கை தானாகக் கொண்டைக்குப் போனது. நீல வானத்தில் பளபளவென்று ஒரு வெள்ளி வட்டம்.

துடைக்கத் துணியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இது தோல் இல்லையே. தேய்த்தால் வானமும் சேர்ந்து போய்விடும். துணியைக் கீழே வைத்துவிட்டு, எடுத்த வேலையை முடித்தாள். பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை. வட்டம் மட்டும் அப்படியே இருந்தது. சுகராவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

ஷபீ அஹமது கண்ணாடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சுகரா துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, என் ஹீரோவ ரிஜெக்ட் பண்ட்டியா?”

ஹேமலதா கொண்டையிலிருந்த பேனாவை உருவி அவர் முன்னால் வைத்தாள்.

“சரி, பள்ளம் போச்சா?”

“போய்ட்டுது பாய்.”

அவர் அட்டையை அவளைப் போலவே வெளிச்சத்துக்குச் சாய்த்தார். தடவிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அனுப்பிருவோம். நம்மூர்ல செக்கிங் ஆனது அவங்களுக்கும் தெரியட்டும்.”

புத்தகம் போய், சில மாதங்கள் கழித்துப் பெட்டிக்குள் திரும்பியது. அவர் எட்டு வரும் என்று இருந்தார், வந்தது ஆறரை. முன்னட்டையில் வெள்ளி மையால் வட்டம் என்று சீட்டில் அச்சடித்திருந்தார்கள். வேறு குறையாக எழுதியது முதுகு ஓரத்தில் ஒரு கிழிசல் மட்டும்தான். பள்ளம் பற்றிப் பேச்சே இல்லை. அதைப் படித்துக் காட்டியபோது சுகரா ஹேமலதாவின் தோளில் ஒரு குத்து விட்டாள்.

“இதே புக்கு எத்தினி பேர்கிட்ட வேணா இருக்கட்டும். வட்டம் போட்டது என்னுது ஒண்ணுதான்” என்று வருகிறவர்களிடமெல்லாம் ஷபீ அஹமது பெருமை பேசினார். கேட்டவர்கள் அடுத்த வாரமே தங்கள் புத்தகங்களோடு ஹேமலதாவின் வாசலில் நின்றார்கள். வட்டம் வேண்டாம் என்று மட்டும் தவறாமல் சொன்னார்கள்.

இப்போது ஷபீ அஹமதின் கடையில் பெல்ட்டுகளுக்கு நடுவே அந்தப் பெட்டி நிற்கிறது. ஹேமலதா வாரநாட்களில் தோலும் ஞாயிறுகளில் காமிக்ஸும் பார்க்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி வாசலில் சுகரா அவள் கொண்டையிலிருந்து பேனாவை உருவிக்கொள்கிறாள். திங்கட்கிழமை காலைதான் திருப்பித் தருகிறாள்.