ரேடியோவுக்கு எர்த் அடித்த கதை

போன வாரம் என் வீட்டு முற்றத்தில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து இறக்கினேன். வேலிக்கு அல்ல... ரேடியோவுக்கு!

சிரிக்காதீர்கள். அன்று விடியலில் என் மனைவி ரீட்டாவின் தம்பி அன்ரன் போட்டில் கடலுக்குப் போயிருந்தான். மத்தியானம் காற்று தூக்கியது. ரீட்டா வாசலுக்கும் குசினிக்குமாக நடந்தாள். சார்ஜரில் கிடந்தபடியே உயிர் வாழும் எங்கள் பழைய போனில் அவனை அழைத்தோம். லைன் போகவில்லை. எனக்கோ சும்மா இருக்கத் தெரியாது.

கடலுக்கு அந்தப் பக்கத்து மீடியம் வேவ் ஸ்டேஷன் ஒன்று மீனவர்களுக்குக் காற்று நிலவரம் சொல்லும். பிடித்துப் பார்த்தேன். கர்ர்ர்... கொர்ர்ர்... ஒரு சொல் விளங்கவில்லை.

பக்கத்து வீட்டு நவாஸ் நானா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "மண்ணில கம்பி இறக்கி எர்த் அடிச்சுப் பாருங்க சேர். கணீர் எண்டு கேக்கும்."

கம்பி அடித்தேன். வயர் முறுக்கி ரேடியோவின் பின்பக்கத்தில் பூட்டினேன். இரைச்சல் அப்படியே இருந்தது.

"எங்கட மணல் காஞ்ச மணல். அதுல எர்த் எப்பிடிப் பிடிக்கும்? களப்புத் தண்ணி ஊத்துங்க, உப்புத் தண்ணி எண்டா பிடிக்கும்" என்றார் நானா.

வாளியோடு களப்புக் கரைக்கு ஓடினேன். ஊற்றினேன். மறுபடி ஓடினேன். இரைச்சல் குறைந்ததா? குறைந்தது என்றார் நானா. எனக்கும் அப்படித்தான் பட்டது — தண்ணீர் சுமந்தவனுக்கு வேறெப்படிப் படும்?

"ஒண்டும் குறையல்ல" என்றாள் ரீட்டா.

கடுப்பில் ரேடியோவை இழுத்தேன். பக்கத்திலிருந்த போன் சார்ஜர் பிளக்கிலிருந்து கழன்று விழுந்தது. சட்டென்று இரைச்சல் நின்றுவிட்டது! இவ்வளவு நேரமும் கத்தியது எங்கள் வீட்டு மலிவுச் சார்ஜர்தான். இரைச்சல் வீட்டுக்குள்ளே இருக்க, முற்றத்தைத் தோண்டுவது நமக்கென்ன புதிதா?

இப்போது செய்தி தெளிவாகக் கேட்டது. காற்று பலமாம், கடலுக்குப் போகவேண்டாமாம். போனவனைப் பற்றி யார் சொல்வது? ரீட்டா அழத் தொடங்கினாள். ரேடியோவை விட்டு எழும்ப மனமில்லாமல் அடுத்த அறிவித்தலுக்காகக் காத்திருந்தோம்.

பொழுது சாயும்போது ரீட்டா கேட்டாள். "அவனுக்குத் திரும்ப ஒருக்கா அடிச்சுப் பாருங்களன்."

போனை எடுத்தேன். அது எப்போதோ செத்துக் கிடந்தது.

ஓடிப்போய்ச் சார்ஜரைச் செருகினேன். ரேடியோ மறுபடி கர்ர்ர் என்றது. போன் விழித்தது. வரிசையாக மிஸ்ட் கோல் மெசேஜ் — எல்லாம் அன்ரன்! உடனே அவனுக்கு அடித்தேன்.

"எங்க போனீங்க அத்தான்? காத்துக்கு ஏலாம உச்சமுனையில கரையேறிட்டன். அப்பயிருந்து அடிக்கிறன், போன் ஓஃப் எண்டே சொல்லுது."

ரீட்டா போனைப் பறித்துப் பேசினாள், திட்டினாள், சாப்பிட்டானா என்று கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முற்றத்து ஈரத்தையும் கம்பியையும் என்னையும் பார்த்தாள்.

"அந்த எர்த் வயரைக் கழட்டி உங்கட காலில கட்டுங்க. கொஞ்ச நேரமாவது ஒரு இடத்தில நிப்பீங்க."