சக்கர நாற்காலிக்கு வழிவிட்ட வீடு

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி பிறப்பதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது, திருத்தணியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது இது.

மலைக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு இருக்கிறது. மாமனார் காலத்தில் கட்டியது. அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்னறை, கூடம், சமையலறை, கடைசியில் கழிப்பறை என்று ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு சாண் உயரத்துக்கு மரப்படி. கூடத்திலிருந்து சமையலறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும், அங்கிருந்து கழிப்பறைக்கு இன்னொரு படி. கல்யாணமாகி வந்த நாள் முதல் கையில் குடமும் இடுப்பில் துணிமூட்டையுமாக அவற்றில் ஏறி இறங்கியவள் நான். வீட்டில் அத்தனை படிகள் இருப்பதே என் மனதில் பட்டதில்லை.

என் கணவர் தனியார் பஸ் டிரைவர். ஒருநாள் வேலை முடிந்து பைக்கில் வரும்போது, கனகம்மாசத்திரம் தாண்டி மாடு குறுக்கே வந்ததில் விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அடி. உயிர் பிழைத்தது, கால்களில் மட்டும் பலம் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கைகள் என்பதால் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறிக்கொள்வார். மாறி என்ன செய்ய? உருட்டினால் அறை வாசலில் மரப்படி தடுக்கும். அதற்குமேல் நானோ பக்கத்து வீட்டுக்காரரோ தூக்கிப் போனால்தான் உண்டு. கொஞ்ச நாளில் நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டார். பேச்சும் குறைந்துவிட்டது.

நான் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். காலையில் போனால் மதியத்துக்குமேல்தான் வருவேன். ஒருநாள் அவருக்குக் குளிர் ஜுரம் வந்து உடம்பு தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, சிறுநீரில் கிருமி, தண்ணீரே குடிக்காமல் இருந்தால் இப்படித்தான் ஆகும் என்றார் டாக்டர். எனக்குப் புரியவில்லை. தினமும் தலைமாட்டில் சொம்பு நிறைய வைத்துவிட்டுத்தான் போவேன். வெளியே வந்ததும் கேட்டேன்.

"குடிச்சா போவணும் இல்ல," என்றார் அவர். "நீ வர்ற வரைக்கும் யாரக் கூப்புடறது?"

பக்கத்து வீட்டுக்காரரிடம் நான்தான் சொல்லிவைத்திருந்தேன், கூப்பிட்டால் உடனே வருவார். ஆனால் கூப்பிட வேண்டியிருக்கிறதே, அதுதான் என் கணவரால் தாங்க முடியவில்லை. அவருக்கு வந்தது ஜுரம் மட்டும் இல்லை, எங்கள் வீடே அவரைக் கட்டிப் போட்டிருக்கிறது என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அந்த வாரமே கொத்தனார் வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவரை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

மேஸ்திரி நகரிப் பக்கத்துக்காரர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். அவர் மனைவியும் கூடவே சித்தாளாக வருவார். வீட்டை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்துவிட்டு மேஸ்திரி தலையை ஆட்டினார்.

"வூட்ட காலி பண்ணிக் குடுங்கம்மா. ஆள் இருக்க சொல்ல ஒடைச்சா தூசில மூச்சே வுட முடியாது."

வாடகைக்கு வீடு தேடித்தான் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் மாடி, இல்லாவிட்டால் வாசலிலேயே நாலு படி. கடைசியில், நாங்கள் உள்ளேயே இருக்கிறோம், நீங்கள் ஒவ்வொரு அறையாக வேலை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

தூசியைப் பற்றி மேஸ்திரி சொன்னது சரிதான். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் தொண்டை கரகரக்கிறது. முதலில் கழிப்பறை, பிறகு சமையலறை, பிறகு கூடம் என்று வேலை முன்னேற முன்னேற எங்கள் குடித்தனம் இடம் மாறியது. கேஸ் அடுப்பு முன்னறைக்கு வந்தது. சோற்றுப் பானையை மூடி, மூடிமேல் ஈரத்துணி போட்டு, அதற்குமேல் தட்டு கவிழ்த்தாலும் சோற்றில் மண் நறநறக்கும். குளிக்கப் பக்கத்து வீடு. அவர் கட்டிலைச் சுற்றிப் பழைய புடவைகளைத் திரையாகக் கட்டினேன். மனுஷனை இப்படி வதைக்கிறேனே என்று பல நாள் திரைக்கு இந்தப்பக்கம் நின்று அழுதிருக்கிறேன்.

ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஒருநாள் வேலையிலிருந்து வந்தபோது திரைப்புடவை ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கழிப்பறைக் கதவின் அகலத்தைப் பற்றி மேஸ்திரியோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

"நாற்காலி பூந்தா மட்டும் போதுமா? சக்கரத்துல கை வெச்சு உருட்டுறேன் இல்ல, அந்தக் கைக்கு எடம் வேணாவா?"

"ஆங், அது கரெக்ட்டுதான்ணா," என்று மேஸ்திரி சுவரில் வேறு கோடு போட்டார்.

பல மாதங்களுக்குப் பிறகு என் கணவர் குரல் உயர்ந்ததைக் கேட்டேன். சத்தம் போடாமல் முன்னறைக்குப் போய் டீ போட்டேன்.

கூடத்து வாசற்படியை எடுக்க வேண்டிய நாள் வந்தது. அன்றைக்கென்று பார்த்து மணவூரிலிருந்து என் நாத்தனார், கணவரின் அக்கா, தம்பியைப் பார்க்க வந்துவிட்டார். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாமியார் தினமும் கும்பிட்ட படி அது. கடப்பாரையோடு நின்ற மேஸ்திரியைப் பார்த்ததும் நாத்தனார் முகம் மாறியது.

"அம்மா பூச பண்ண வாசப்படிய எடுப்பியாடி நீ? அப்புறம் இந்த வூட்டுல லட்சுமி தங்குவாளா?"

மேஸ்திரி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். அவர் மனைவி, நல்ல நாள் பார்த்து எடுக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். அப்போது கட்டிலில் இருந்து என் கணவர் சொன்னார்.

"அக்கா, என்னால தாண்ட முடியாத வாசப்படி எனக்கு இன்னாத்துக்கு? நான் படுத்துகினே கெடந்தா மட்டும் லட்சுமி வருவாளா?"

நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமலே மணவூருக்குக் கிளம்பிவிட்டார். என் கணவர் மேஸ்திரியைப் பார்த்து, "நீ எடுப்பா," என்றார். நான் ஒரு கற்பூரம் ஏற்றிவைத்தேன். படி பெயர்ந்து வந்தது.

இரண்டு படிகள் இருந்த இடத்தில் சமையலறைக்கு இறங்கச் சரிவுப் பாதை போட்டார்கள். தரை காய்ந்ததும் முதல் சோதனை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சரிவின் விளிம்புக்கு வந்தார். பாதி இறங்குவதற்குள் நாற்காலி அவர் பிடியை மீறி ஓடியது. சக்கரத்தைப் பிடித்த உள்ளங்கை தோல் உரிந்தது. எதிர்ச்சுவரில் தலை மோத இருந்தது. கீழே கலவை குழைத்துக்கொண்டிருந்த மேஸ்திரியின் மனைவி குறுக்கே பாய்ந்து நாற்காலியைத் தன் இடுப்பால் தடுத்து நிறுத்தினார். அந்த அம்மாவுக்கு நல்ல அடி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாராச்சும் புடிச்சுகினா போதும்ணா, எறங்கிடலாம்," என்றார் மேஸ்திரி தயங்கியபடி.

"யாரும் புடிக்காம போவத்தானே இவ்ளோ தூசி தின்னோம்," என்றார் அவர். உள்ளங்கையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பயந்துபோய்த் திரும்பவும் படுத்துவிடுவாரோ என்று நான் நினைத்தேன். அவர் சாக்பீஸ் கேட்டார்.

மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர் அவர். நேராக இறங்கினால் வேகம்தான் பிடிக்கும், சமையலறைத் தரையையே உயர்த்து, மிச்ச இறக்கத்தைச் சுவரோரமாக நீளமாக இழு என்றார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே குனிந்து, திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று தரையில் வளைத்து வளைத்துக் கோடு போட்டார். எட்டாத இடத்தில் மேஸ்திரி மண்டியிட்டு அந்தக் கோட்டை நீட்டினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி, "இப்பவாச்சும் சரியா போடுய்யா," என்று சொல்லவும் எல்லோருமே சிரித்துவிட்டோம். போட்ட சரிவை இடித்தார்கள். சமையலறைத் தரையும் அதற்குச் சமமாகக் கழிப்பறைத் தரையும் மேலே வந்தன, கூடவே சமையல் மேடையையும் அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் கட்டினார்கள். சுவர் நெடுக இரும்புக் கைப்பிடி வைத்தார்கள்.

வேலை முழுதாக முடிந்த மறுநாள் காலை. நான் முன்னறையில் பாத்திரங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் கூடத்தைத் தாண்டி, சரிவில் நிதானமாக இறங்கி, சமையலறையில் ஒரே திருப்பத்தில் திரும்பி, கழிப்பறைக்குள் போய்விட்டார். கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஏதாவது ஆகிவிடுமோ என்று கதவில் காதை வைத்தேன்.

"அங்க நின்னுகினு இன்னா பண்ற? போய் உன் வேலையப் பாரு," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

நான் என் வேலையைப் பார்க்கப் போனேன். அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

ஆடிக் கிருத்திகைக்கு நாத்தனார் வழக்கம்போல் வந்தார். சந்து முழுக்கக் காவடியும் மேளமுமாக இருந்தது. மலை ஏறி இறங்கியதில் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. வந்ததும் இரும்புக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சரிவில் மெல்ல இறங்கி, கைகால் கழுவிவிட்டுத் திரும்ப அதே மாதிரி ஏறி வந்தார். தம்பி தன் கையாலேயே போட்ட காபியை நீட்டினார். வாங்கிக் குடித்து முடித்துவிட்டு, "எங்க வூட்டுக்கும் அந்த மேஸ்திரிய அனுப்பு," என்றார் என்னிடம்.

இப்போது என் கணவர் பழைய பஸ் கம்பெனியிலேயே, பஸ் ஸ்டாண்டில் நேரம் பார்த்து வண்டிகளை அனுப்பும் வேலைக்குப் போகிறார். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில், என்னை அங்கன்வாடியில் இறக்கிவிட்டுப் போகிறார். வழியில் வண்டி ஓட்டுகிறவர்களை எல்லாம் குறை சொல்லிக்கொண்டே வருவார், நான் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

இன்றைக்கும் உடம்பு முடியாமல் படுத்திருக்கிற யாரையாவது பார்க்கப் போனால், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், அவர்கள் தாங்களே எழுந்து போவதற்கு எது தடுக்கிறது என்று என் கண் அந்த வீட்டுத் தரையைத்தான் முதலில் தேடுகிறது.