அவள் கேட்ட அரை மணி நேரம்

என் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். எண்பதுகளில் வெளியூருக்குப் பேச ஆபரேட்டர் இணைத்துத் தரும் டிரங்க் கால்தான். பகலெல்லாம் யார் யாரோ கத்துவதற்குப் பதில் சொல்லிவிட்டு, மின்சார ரயிலில் நசுங்கி, ஆறரைக்குத் தாம்பரம் வீட்டுக்கு வருவாள். கால் கழுவி, புடவை மாற்றி, உள்ளறையைத் தாழிட்டுக்கொள்வாள். விளக்குப் போடாமல் வெறுந்தரையில் படுத்து, கண்மேல் ஈரத்துணியைப் போட்டுக்கொள்வாள். அரை மணி கழித்து வந்து காபி போடும்போது முகம் தெளிந்திருக்கும்.

எனக்கு ஆபீஸ் குரோம்பேட்டையில். அவளுக்கு முன்பே வந்து, பேச ஆளில்லாமல் காத்திருப்பேன்.

"தலைவலியா?"

"இல்லைங்க. கொஞ்ச நேரம் யாரும் பேசாம இருந்தா போதும்."

"ஊரான்கிட்டல்லாம் பேசற. என்கிட்ட பேசத்தான் கசக்குதா?"

ஒரு சனிக்கிழமை என் நண்பர்கள் வந்திருந்தார்கள். அவள் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். "வீட்டுல பெரிய ஆபீசர் போல மச்சான்" என்றான் ஒருவன். மறுநாள் காலை, அவள் எதிரிலேயே உள்ளறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

அதன்பின் அவள் படுத்தால் கதவைத் திறந்து ஏதாவது கேட்பேன். சீப்பு எங்கே, பால்காரர் வந்தாரா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாள். ஒரு வாரத்தில் படுப்பதையே விட்டுவிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு ஏழு மணிக்கு வர ஆரம்பித்தாள். ரயில் லேட் என்றாள். யாரையோ பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒருநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். கூட்டம் இறங்கிப் போனபின், பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில், செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாருமில்லை. அதைப் பார்த்ததும் கோபம் இன்னும் கூடியது.

போய் அருகில் உட்கார்ந்தேன். கண் திறந்து, நகர்ந்து இடம் விட்டாள்.

"நீங்க முன்னால போங்க. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

"நானும் இருக்கேன்" என்று சொல்லி, அன்று ஆபீசில் நடந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

மறுநாளிலிருந்து தினமும் ஸ்கூட்டரோடு ஸ்டேஷன் வாசலில் நின்றேன். பத்து வருடத்துக்கும் மேல், மழையிலும் தவறியதில்லை. "சார் மாதிரி யாருக்கு அமையும், அக்கா" என்று பூக்காரப் பெண் அவளிடம் சொல்வாள். அவள் தலையாட்டிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொள்வாள். வீடு வரும்வரை நான் பேசிக்கொண்டே ஓட்டுவேன்.