குருத்துக்குச் சாப்பாடு

அத்தை நாலாம் நம்பர் பஸ் ஓட்டினாள். ஊரில் அவளுக்குப் பெயரே நாலாம் நம்பர்தான். பள்ளி விட்டதும் அவள் இருக்கைக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். கியர் மாறும்போதெல்லாம் அவளுடைய இடது முழங்கால் ஏறி இறங்கும். ஊர் சுற்றும் பைத்தியம் எனக்கு அங்கேதான் பிடித்தது.

ஏழு வருடம் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது அந்த முழங்காலை மூட்டுவாதம் பதம் பார்த்திருந்தது. மாத்திரையில் வீக்கம் அடங்கிவிட்டது. உள்ளே குருத்தெலும்பு அரித்துப்போயிருந்தது. அவளுடைய மருத்துவ விடுப்பு முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. டிப்போ மேட்டில் ஓட்டிக் காட்டினால்தான் பஸ் திரும்பக் கிடைக்கும்.

அத்தை கவலைப்படவில்லை. குருத்து என்றாலே துளிர்ப்பதுதானே? ஆடாமல் அசையாமல் இருந்தால் வளர்ந்துவிடும் என்று காலை நாற்காலி மேல் நீட்டி, மாதக்கணக்கில் பயிர் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

நான்தான் அவளை டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். பெயரில்தான் குருத்து, அதற்கு ரத்த ஓட்டமே கிடையாது, போனது பழையபடி முளைக்காது என்றார் அவர். உடம்பு அங்கங்கே நாராக ஒட்டுப் போடும், பழைய வழவழப்பு வராது. மிச்சமிருப்பதற்கு மூட்டு நீர்தான் சாப்பாடு. காலை அழுத்தி அழுத்தி விட்டால்தான் பஞ்சு மாதிரி அதை உறிஞ்சிக்கொள்ளும்.

"குழி விழுந்த ரோட்டுல ஒட்டுப் போடுற மாதிரி," என்றாள் அத்தை. "வண்டி போகும். தூக்கிப் போடும்."

வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பினாள். "ஒரு இடத்துல உக்காருடின்னு உன்னைத் திட்டினதெல்லாம் வாபஸ்."

அன்றிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத கிளட்சை மிதித்தாள். காய்கறி நறுக்கும்போதும் மிதித்தாள். வலி குறைந்தது, மாடிப்படி ஏறினாள்.

சோதனை நாளில் சமதளமெல்லாம் சுலபமாக முடிந்தது. மேட்டில் பாதி கிளட்சில் பஸ்ஸைப் பிடித்து நிறுத்த வேண்டும். கால் நடுங்கி, பஸ் ஒரு ஜாண் பின்னால் வந்தது. பரிசோதகர் ஒரு காலத்தில் அவளுடைய கண்டக்டர்.

"ஒரு ஜாண்தானேக்கா. பாஸ்னு எழுதிடுறேன்."

"பின்னாடி ஒரு பிள்ளை நின்னிருந்தா அது ஒரு ஜாணா? எழுதாதப்பா."

நாலாம் நம்பரிலேயே வீடு திரும்பினோம். என்னுடைய பழைய ஜன்னலோரத்தை அவள் பிடித்துக்கொண்டாள். புது டிரைவர் கியர் மாற்றுவதற்கு ஒரு நொடி முன்பே அவளுடைய இடது கால் தரையை அழுத்தியது.

"இன்னுமா ஓட்டுற, அத்தை?"

"சும்மா இருடி. குருத்துக்குச் சாப்பாடு போடுறேன்."