ஆக்னஸ் வீட்டுத் தண்ணீர் டம்ளர்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் பாதுகாப்புக் குழு தொடங்கி, அதற்கு நான்தான் பொறுப்பு என்று ஃபாதர் பூசையில் அறிவித்த ஞாயிறு. கோயிலை விட்டு வெளியே வந்ததும் ஒரு பெரியவர் என்னை மடக்கினார்.

"ரீத்தாம்மா, கொஞ்ச நாளா கோயில் வாசல்ல செருப்பு காணாமப் போவுது. மொதல்ல அதப் பாருங்க."

பாதுகாப்பு என்றால் செருப்புக்கும் சைக்கிளுக்கும் என்றுதான் அன்றைக்குப் பலரும் நினைத்தார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், "சின்னப் பசங்களுக்குத்தானே?" என்றார்கள். படுக்கையில் கிடப்பவர்கள், வாய் பேச முடியாதவர்கள், மனநலம் சரியில்லாதவர்கள், அடுத்தவர் கையை நம்பி இருக்கிற பெரியவர்கள் எல்லாருக்கும்தான் என்று நான் சொன்னால் முகம் மாறிவிடும். "நம்ம பங்குல அப்படி யாரு பண்ணப் போறா?" சமூக நலத்துறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் நான். எந்த ஏரியாவுக்குப் போனாலும் அங்கே மட்டும் அப்படி நடக்காது என்பார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்த பேச்சு.

குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் நிறையச் சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு கேஸை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

1. வாடை இல்லாத அறை

முதல் வெள்ளிக்கிழமைகளில் ஃபாதர் நோயாளிகளின் வீடுகளுக்கு நன்மை அப்பம் எடுத்துப்போவார். அந்த ஹோம் விசிட்டில் நானும் சேர்ந்துகொண்டேன். வழக்கம் உங்களுக்குத் தெரியும். கட்டில் பக்கத்தில் ஒரு மேஜை, வெள்ளைத்துணி, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம், மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன். விழுங்க முடியாதவர்களுக்கு அப்பத்தில் ஒரு துணுக்கை ஸ்பூன் தண்ணீரில் வைத்துக் கொடுப்பார்கள்.

முத்தியால்பேட்டையில் ஆக்னஸ் வீட்டுக்குப் போன அன்று, தெருமுனையிலேயே ஜெபமாலைச் சத்தம் கேட்டது. காலை வெயிலில் வாசலில் பெண்கள் முழந்தாளிட்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு காலி பாட்டில்.

ஆக்னஸை எனக்கு நன்றாகத் தெரியும். பேக்கரி கவுன்ட்டரில் வேலை பார்த்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் கடையில் பேசினால் தெருவில் கேட்கும். ஞாயிறு பூசை முடிந்த கையோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போய், மீன்காரிகளோடு மல்லுக்கட்டி வஞ்சிரம் வாங்கினால்தான் அவளுக்கு ஞாயிறு. அப்படிப்பட்டவளுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கமும் பேச்சும் போயின. அண்ணன் அதற்கு முன்பே இறந்துவிட்டார். அண்ணி பிலோமினாதான் பார்த்துக்கொண்டாள். ஜெபக்குழு நடத்துகிறவள், நோயாளிப் புருஷனைப் பல வருஷம் தூக்கிச் சுமந்தவள் என்று பிலோமினாவுக்குப் பங்கில் நல்ல பெயர். எனக்கும் அவள்மேல் மரியாதைதான்.

தவக்காலம் தொடங்கியதும் ஒரு பேச்சு கிளம்பியது. ஆக்னஸ் ஒருசந்தி இருக்கிறாளாம். சோறும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாமாம். முதல் வெள்ளிக்கு வாங்குகிற நன்மையிலேயே உயிரோடு இருக்கிறாளாம். வேறு யாரிடமாவது சொன்னால் உடனே டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள். நாமோ இப்படி வாழ்ந்த புனிதர்களின் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு போனோம்.

உள்ளே போனேன். மல்லிகை வாசனை, சாம்பிராணி வாசனை. வேறு எதுவும் இல்லை. என் சர்வீஸில் எத்தனையோ படுக்கை நோயாளிகளின் அறைக்குள் போயிருக்கிறேன். மூத்திர வாடை, டெட்டால், ஆறின கஞ்சி, தைலம் என்று ஏதாவது ஒன்று மூக்கில் அடிக்கும். அந்த அறையில் மனித வாடையே இல்லை. கஞ்சிக் கிண்ணமோ ஃபீடிங் கப்போ கண்ணில் படவில்லை. வெள்ளைப் போர்வை கட்டிலோடு கட்டிலாகப் படிந்திருந்தது. அதன் கீழே ஆள் இருப்பதே தலையணையில் முகத்தைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது.

"ஆக்னஸு, என்னைத் தெரியுதா?" என்றேன்.

"தெரியுது ரீத்தா, நல்லாருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆக்னஸின் அதே கணீர்க் குரல். அவள் உதடு அசையவில்லை. பின்னால் நின்ற பிலோமினாதான் பேசினாள்.

"அவங்க மனசுல இருக்கிறது எனக்கு வந்துரும்மா. அவங்க குரல்லயே வந்துருது" என்றாள் தன் சொந்தக் குரலில், சிரித்துக்கொண்டே. வாசலில் இருந்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

ஃபாதர் ஜெபம் சொன்னபோது ஆக்னஸ் அவரைப் பார்க்கவில்லை, சுரூபத்தையும் பார்க்கவில்லை. முற்றத்தில் ஒரு குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு விழுகிற ஒவ்வொரு தடவையும் அவள் கண் அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. அதைக் கவனித்த பிறகு என்னால் ஜெபத்துக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

ஃபாதர் துணுக்கை ஸ்பூனில் வைத்துக் கொடுத்தார். நாக்கு மரப்பட்டை மாதிரி வெடித்திருந்தது. அவர் ஸ்பூனை எடுத்ததும் பிலோமினா டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போனாள். அங்கே நீட்டிய பாட்டில்களில் ஆளுக்கு ஒரு ஸ்பூன் ஊற்றினாள். பரிசுத்தவதி வாய் வைத்த தண்ணீராம், காய்ச்சல் இறங்குமாம், பிள்ளை வரம் கிடைக்குமாம். ஆக்னஸின் கண் அந்த டம்ளரைக் கதவு வரைக்கும் பின்தொடர்ந்து போனது.

அந்த வீட்டுத் தண்ணீர் தெருவில் எல்லோருக்கும் கிடைத்தது. அவள் ஒருத்திக்குத்தான் கிடைக்கவில்லை.

2. கழற்றி வைத்த ஸ்டோலா

திரும்பும் வழியில் ஃபாதரிடம் சொன்னேன். அவர் இளம் வயது, பங்குக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"அவங்க விருப்பமாவே ஒருசந்தி இருக்காங்கன்னா?"

"அத அவகிட்டதான் கேக்கணும் ஃபாதர். தனியாக் கேக்கணும்."

இது எங்கள் வேலையின் முதல் விதி. கேர்-கிவர் பக்கத்தில் இருக்கும்போது கிடைக்கிற பதில் பதிலே இல்லை. ஆனால் பிலோமினா கட்டிலை விட்டு நகர்கிறவளாகத் தெரியவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது.

"பாவசங்கீர்த்தனம் கேக்கணும்னு சொல்லுங்க ஃபாதர். அதுக்கு எல்லாரும் வெளிய போய்த்தானே ஆவணும்? அவ தலைய ஆட்டினாப் போதுமே."

ஃபாதர் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினார். பிறகு, "வேணாம் ரீத்தாம்மா. பாவசங்கீர்த்தனத்துல அவங்க எதச் சொன்னாலும் நான் வெளிய மூச்சு விடக்கூடாது. அத வச்சு ஒரு ஆம்புலன்ஸ்கூடக் கூப்பிட முடியாது. அந்தக் கதவ நாமளே சாத்திக்கக் கூடாது" என்றார்.

எனக்குத் திக்கென்றது. அத்தனை வருஷ அனுபவத்தோடு நான் போட்ட பிளான், ஆக்னஸின் வாயை இன்னொரு தடவை கட்டிப்போட்டிருக்கும்.

மறுநாள் காலையிலேயே போனோம். அரசு மருத்துவமனையில் எனக்குத் தெரிந்த டாக்டரிடமும் என் பழைய ஆபீஸிலும் விவரம் சொல்லி வைத்திருந்தேன். வாசலில் அன்றைக்கும் கூட்டம். டம்ளரும் ஸ்பூனும் மேஜையில் தயாராக இருந்தன. ஃபாதர் கட்டில் அருகே நின்று, பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது கழுத்தில் போடுகிற ஸ்டோலாத் துண்டை எடுத்து, மடித்து, நாற்காலியில் வைத்தார்.

"பிலோமினாம்மா, கொஞ்சம் வெளிய இருங்க. ஆக்னஸ்கிட்டப் பேசணும்."

"பாவசங்கீர்த்தனமா ஃபாதர்?"

"இல்ல. பேசணும். ரீத்தாம்மா என்கூட இருப்பாங்க."

பிலோமினாவின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. "என்னைத் தனியா விடாதீங்கன்னு சொல்றாங்க ஃபாதர்" என்றாள். உடனே அந்தக் கணீர்க் குரல் வந்தது: "அண்ணி, போவாதீங்க!"

காலை வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பட்டப்பகலில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஆக்னஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தன்னுடைய குரலையே கேட்கப் பயந்து ஒருத்தி கண்ணை மூடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வெளிய போங்க" என்றார் ஃபாதர். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவள் போனாள். நான் கதவைச் சாத்தினேன்.

ஆக்னஸின் இடது கையை என் கையில் எடுத்துக்கொண்டேன். "ஆக்னஸு, நான் கேக்கிறதுக்கு ஆமான்னா என் கைய அமுக்கு. இல்லன்னா சும்மா இரு. இது உன் வீடா?"

அமுக்கினாள்.

"நீ இப்ப பேக்கரியிலயா இருக்க?"

அமுக்கவில்லை. புரிந்துதான் பதில் சொல்கிறாள்.

"ஒருசந்தி நீயா எடுத்தியா?"

கை அசையவில்லை.

"பசிக்குதா?"

என் விரல் வலிக்கிற அளவுக்கு அமுக்கினாள். விடவே இல்லை. ஃபாதர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அழுதேன். அழுதுகொண்டே அடுத்த கேள்வியையும் கேட்டேன், அது எங்கள் கடமை: "ஆஸ்பத்திரிக்கு வர்றியா?" பிடித்த கை தளரவில்லை. எதற்கும் ஒருமுறை விரலைப் பிரித்துவிட்டு மறுபடி கேட்டேன். மறுபடி பிடித்தாள்.

3. வாசலில்

ஆம்புலன்ஸ் வந்ததும் தெரு திரண்டுவிட்டது. ஸ்ட்ரெச்சரை வாசல் தாண்ட விடவில்லை.

"நோன்பக் கெடுக்கப் போறாங்க!"

"ஃபாதர், நீங்களே இதுக்கு உடந்தையா?"

பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு பெண் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என் மவளுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போம்மா" என்று அழுதாள். கெட்டவர்கள் யாரும் அங்கே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அத்தனை பேரும் அவள்மேல் உயிரையே வைத்திருந்தார்கள், அவள் செத்துக்கொண்டிருந்தாள்.

பிலோமினா டம்ளரை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு ஊற்ற வந்தாள். வழக்கமாகச் செய்வதைச் செய்தால் எல்லாம் வழக்கம்போல் ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. பாட்டில்கள் நீண்டன. நான் அவள் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கினேன்.

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் ஆக்னஸின் தலையை நிமிர்த்திப் பிடித்தாள். "கொஞ்சம் கொஞ்சமாத்தான் மேடம்" என்றாள். ஒரு ஸ்பூன் எடுத்து ஆக்னஸின் வாயில் வைத்தேன்.

அந்தச் சின்னத் தெருவில் அவள் விழுங்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஸ்பூனை இழுத்தேன், வரவில்லை. பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள். விட்டால் திரும்பி வராது என்று தெரிந்தவள் மாதிரி கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபமாலை நின்றுபோயிருந்தது. முற்றத்துக் குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.

கம்பியைப் பிடித்திருந்த பிள்ளைச்சாவடிப் பெண் கையை எடுத்தாள். "இன்னும் குடும்மா" என்றாள் மெதுவாக. "தாகத்துல கெடக்குது பாவம்." கூட்டம் விலகி வழி விட்டது.

4. பிலோமினா சொன்னது

விசாரணையின்போது பிலோமினா எதையும் மறைக்கவில்லை. நானும் இருந்தேன். அழாமல், சமையல் குறிப்பு சொல்கிற மாதிரி சொன்னாள்.

"தண்ணி குடுத்தா படுக்கை நனையுது. என் வூட்டுக்காரருக்குத் தொவைச்சுத் தொவைச்சு என் கை வெந்துபோச்சும்மா. மொதல்ல சாயங்காலத் தண்ணிய நிறுத்துனேன். அப்புறம் சோத்தக் கொறச்சேன். ஒருநாள் யாரோ வந்து, ஏன் இப்படி எளச்சிட்டான்னு கேட்டாங்க. ஒருசந்தின்னு சொல்லிட்டேன். அவங்க மண்டி போட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சோறு போடுறது?"

சாகாத அளவுக்கு அவ்வப்போது ஜவ்வரிசித் தண்ணீர் கொடுத்து வந்திருக்கிறாள். கடைசியில் அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஆனாலும் அவ உயிரோடதானே இருந்தா? அது அற்புதம் இல்லியா?"

அவள் அதை நம்பினாள் என்றே நினைக்கிறேன். அவள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அவள் தனியாகப் புருஷனைத் தூக்கிச் சுமந்த காலத்தில், நல்ல பெயர் கொடுத்ததோடு நின்றுவிட்ட எங்கள் எல்லோர்மேலும் அதே அளவு கோபம் இருக்கிறது. கேஸ் கோர்ட்டில் நடக்கிறது, அதைப்பற்றி மேலே எழுதக்கூடாது.

5. மீதி

ஆக்னஸ் இப்போது கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு இல்லத்தில் இருக்கிறாள். உடம்பு தேறிவிட்டது. பேச்சு வரவில்லை. ஆனால் மீன் குழம்பில் உப்பு குறைந்தால் தட்டை இடது கையால் தள்ளிவிடுகிறாள் என்று சிஸ்டர்கள் புகார் சொல்கிறார்கள். அந்தப் புகாரைக் கேட்பதற்காகவே நான் போவதுண்டு.

போன முதல் வெள்ளிக்கு ஃபாதரோடு போனேன். வெள்ளைத்துணி, சுரூபம், மெழுகுவர்த்தி, டம்ளர். வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள், கையில் பூவும் ஒரு காலி பாட்டிலும். முத்தியால்பேட்டை வாசலில் பார்த்த முகம்.

"இப்ப சாப்பிடுறாங்களாமே?" என்று என்னிடம் கேட்டாள்.

"நல்லா சாப்பிடுறாங்க."

முகம் வாடிவிட்டது. கொண்டுவந்த பூவைக் கட்டிலில் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தத் தண்ணியாவது கொஞ்சம் மீதி இருக்குமா?" என்றாள்.

புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, ஒரு வீட்டுக்குள் போனால் பார்த்துக்கொள்கிறவர் எவ்வளவு நல்லவர் என்று விசாரிக்காதீர்கள். அதை ஊரே சொல்லும். அந்த வீட்டில் சோறும் தண்ணீரும் யார் வாய்க்குப் போகிறது என்று பாருங்கள். படுத்திருப்பவரிடம் தனியாகக் கேளுங்கள், பதில் வரும்வரை கையை விடாதீர்கள். ஒருவர் கஷ்டப்படுவதைப் பார்த்து நமக்குப் பக்தி வருகிறதென்றால், அங்கேதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அந்தப் பெண் அப்படிக் கேட்டதும் நான் கட்டிலைப் பார்த்தேன். ஆக்னஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால் டம்ளரை எடுத்தாள். நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு அந்தப் பெண் நன்றாகப் பார்க்கும்படி டம்ளரை வெள்ளைத்துணிமேல் கவிழ்த்து வைத்தாள்.